ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் பின்னம் கூட்டத் தெரியவில்லை: வன்னி வலயங்களில் கணிதம், விஞ்ஞானம் பற்றிக் கதைப்போம்

குளக்கட்டு
திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். வவுனியா வடக்கு கல்வி வலயத்தில் தரம் 11 வரை மட்டும் உள்ள ஒரு சின்னப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை கணிதத்துக்கு நான் ஒருவன்தான்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் பின்னம் வரும் சமன்பாடு ஒன்று செய்துகொண்டிருந்தோம். நடுவில் 1/2 + 1/3 வந்தது. முன் வாங்கில் இருக்கும் பிள்ளை, கொப்பியை அவ்வளவு அழகாக வைத்திருப்பவள், 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். பாடத்திட்டம் பின்னால் துரத்துகிறது. ஏனோ அன்றைக்கு நின்று கேட்டேன்: "அரை ஏக்கர் பெரிசா, ஐந்தில் இரண்டு ஏக்கர் பெரிசா?"

யோசித்தாள். கொப்பி ஓரத்தில் ஒரு நீட்டுப் பெட்டி கீறி ஐந்தாகப் பிரித்து, இரண்டுக்குக் கோடு போட்டாள். நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "சேர், அரையோட இன்னும் கொஞ்சம் கூட்ட, அரையை விடக் குறைஞ்சு போச்சு" என்றாள்.

எட்டு வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை, தான் எழுதிய விடையைத் தானே நிறுத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இதை ஏழாம் வகுப்பிலேயே யாராவது அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அப்போது அவளுக்குக் கணிதம் எடுத்தவர் வேறு பாட ஆசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் இல்லாத இடத்தை நிரப்பியவர்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வலயமும் பதினொராம் வகுப்பின் கடைசி மூன்று மாதத்தில்தான் முழுப் பலத்தையும் கொட்டுகிறது. செமினார், மாதிரி வினாத்தாள், இரவுப் படிப்பு. ஆறாம் ஏழாம் வகுப்புக்கு நேரசூசியில் யார் மிஞ்சுகிறாரோ அவர். இதைத் தலைகீழாக்க முடியாதா? எனக்குப் பக்கத்துப் பாடசாலை ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஒரு கணித ஆசிரியர் தனியாகத்தான் மல்லுக்கட்டுகிறார். நடுவில் மாவட்ட எல்லை. அவர் முல்லைத்தீவு வலயம், நான் வவுனியா வடக்கு. ஆறு வருடமாக ஒரு செயலமர்வில்கூட நாங்கள் ஒரே அறையில் இருந்ததில்லை.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


வட்டக்கச்சி ஓய்வு
திங்கள், இரவு 10.05

தம்பி, உங்கள் மனசு விளங்குகிறது. நானும் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆனால் செமினாரை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

ஓ/எல் (பதினொராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) கணிதத்தில் ஒரு எஸ் (சாதாரண சித்தி) என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் அதைச் சின்னதாகப் பேசுவார்கள். இரண்டு வினாத்தாளும் சேர்த்து 200 புள்ளி. 35 சதவீதம் என்றால் 70. முதல் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 குறுவினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அங்கேயே 50 இருக்கிறது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையை அதில் 30 எடுக்கப் பழக்கி, தொடை (கணங்கள்), நிகழ்தகவு, வரைபு, புள்ளிவிபரம் என்று நாலைந்து வினாவைக் கையில் கொடுத்தால் 70 வரும். அது இல்லாமல் மற்ற எல்லாப் பாடமும் சித்தியடைந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் அடுத்த வருடமே கலியாணப் பேச்சு.

2010இல் நாங்கள் திரும்பிவந்து பள்ளிக்கூடம் திறந்தபோது கூரை இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து வந்த பிள்ளைகள். இடம்பெயர்வில் இரண்டு வருடம், மூன்று வருடம் படிப்பு அறுந்து போனவர்கள். அவர்களை ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கவா முடியும்? பரீட்சை வந்துவிட்டது. மரத்தடியில் கடந்தகால வினாத்தாளைத்தான் போட்டு அடித்தோம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இன்றைக்கு ஆசிரியை. ஒருவர் கிராம அலுவலர்.


குளக்கட்டு
திங்கள், இரவு 10.31

ஐயா, அதை நான் மறுக்கவே மாட்டேன். 2010இல் நீங்கள் செய்தது காயத்துக்குக் கட்டுப் போட்டது. அது அன்றைக்குத் தேவைப்பட்டது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைக்கும் அதே கட்டைத்தான் போடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். 70 புள்ளிக்குப் பழகிய பிள்ளைக்கு உயர்தரத்தில் (12, 13ஆம் வகுப்பு) கணிதமோ விஞ்ஞானமோ எடுக்க வழியே இல்லை.

இன்னொன்று. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது மூன்றாம் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் இப்போது ஓ/எல் வாசலுக்கு வருகிறார்கள். போன் இல்லை, சிக்னல் இல்லை. பின்னமும் வகுத்தலும் படிக்க வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவர்கள்.


விசுவமடு அப்பா
செவ்வாய், காலை 5.50

நான் படித்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். வயலும் கொஞ்சம் கச்சானும். மூன்று பிள்ளைகள்.

மூத்த மகளுக்கு ஓ/எல்லில் விஞ்ஞானம் ஏ, கணிதம் பி. உயிரியல் படிக்க ஆசை. கிட்ட உள்ள பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் என்றால் கிளிநொச்சி ரவுணுக்குப் போக வேண்டும். விடிய பஸ், பின்னேரம் ரியூசன், இருட்டிய பிறகு பஸ். தாய்க்காரி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையே "வேண்டாம் அப்பா, கலை படிக்கிறன்" என்றது. எனக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

சேர், ரீச்சர்மாரே, நீங்கள் ஆறாம் வகுப்பைத் திருத்துங்கள். நல்லது. அதோடு, நல்லாய்ப் படித்த பிள்ளை போய் இருக்க ஒரு வாங்கும் கிட்டவாக வேண்டும்.


அறிவியல்நகர் தம்பி
செவ்வாய், காலை 11.14

ஐயா, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

நான் மல்லாவிப் பக்கம். இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன். வெளியில் சொல்லத் தயங்கும் ஆட்கள் உண்டு, நான் சொல்வேன். பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்த 16இல் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை.

ஆனால் முதலாம் வருடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகையீடு, தொகையீடு எல்லாம் செய்வேன், சூத்திரம் பாடம். விரிவுரையாளர் "இது ஏன் இப்படி வருகிறது" என்று கேட்டால் நாக்கு எழும்பாது. எனக்குக் கணிதம் என்றால் வினா வகையை அடையாளம் கண்டு அதற்குரிய செய்கையை எழுதுவது. பக்கத்தில் இருந்த நண்பன் படம் கீறி யோசிப்பான். அந்தப் பழக்கம் அவனுக்கு எங்கே வந்தது என்று கேட்டேன். ஏழாம் எட்டாம் வகுப்பில் ஒரு ரீச்சர், விடையைச் சொன்னால் "எப்படி?" என்று கேட்காமல் விடவே மாட்டாவாம்.

ஒதுக்கீடு கதவைத் திறந்துவிடும். உள்ளே நடக்கிற பலம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.


ஏ9 விடியல்
செவ்வாய், இரவு 8.47

நான் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகும் விஞ்ஞான ஆசிரியை. "வன்னிக்கு நியமனம் எடுத்துக்கொண்டு இடமாற்றத்துக்கு நாள் எண்ணுகிற கூட்டம்" என்று எங்களைச் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் முதலிலேயே எழுதுகிறேன்.

காலை 4 மணிக்கு எழும்பி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, மாமியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். கிளிநொச்சியில் இறங்கி இன்னொரு பஸ். முதலாம் பாடவேளை தொடங்கும்போது மூன்று மணித்தியாலம் பயணம் செய்தவளாக நிற்கிறேன். பாடசாலையில் ஆசிரியர் விடுதி என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கதவுக்குப் பூட்டு இல்லை, தண்ணீர் இல்லை. பெண்கள் தங்க முடியாது.

இடமாற்றம் கேட்டிருக்கிறேனா? கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை நேசிக்கவில்லையா? பத்தாம் வகுப்பில் 23 பேர். பெயரும் வீடும் எல்லாமே தெரியும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்றும் தெரியும்.

வருபவர்களை நிற்கவைக்க ஒரு நல்ல விடுதி கட்டுங்கள். மூன்று பாடசாலைக்கு ஒன்று போதும். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிக் கதைக்கும் எந்தக் கூட்டத்திலும் தண்ணீர்த் தாங்கியையும் கழிப்பறையையும் யாரும் கதைப்பதில்லை.


வட்டக்கச்சி ஓய்வு
செவ்வாய், இரவு 9.10

மகள், நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் காலத்தில் நான் விடுதிக்காக எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு பெட்டி வரும்.


கண்டாவளை விஞ்ஞானம்
புதன், மாலை 4.30

விஞ்ஞானப் பக்கத்திலிருந்து ஒன்று.

கலவைகள் என்ற அலகில் உப்பளம் வரும். கடல்நீரை மூன்று படியாகப் பாத்திகளில் ஆவியாக விடுவது, முதலில் கல்சியம் காபனேற்று படிவது, அடுத்து கல்சியம் சல்பேற்று, பிறகு உப்பு, கடைசியில் எஞ்சும் நீரில் கசப்பான மக்னீசியம் உப்புகள். எங்கள் பிள்ளைகள் இதைத் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார்கள். ஆனையிறவு எங்கள் கோட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்பளம் போருக்குப் பிறகு மீண்டும் இயங்குகிறது. சில பிள்ளைகளின் உறவினர் அங்கே வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் போன வருடம் நான் கேட்டபோது பாத்திக்குள் இறங்கிப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

கூட்டிக்கொண்டு போக அனுமதி, வாகனம் என்று இழுத்தது. அதனால் ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து வந்து, மூன்று அலுமினியத் தட்டில் ஊற்றி வகுப்பறை ஜன்னலில் வைத்தேன். வற்ற வற்ற ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றினோம். இரண்டாம் கிழமையில் ஒரு பொடியன் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "சேர், இது உப்பில்லை, சுண்ணாம்பு மாதிரி ஒண்டுமே ருசியில்லை" என்றான். மற்றவர்களும் வந்து பார்த்தார்கள். (நக்கிப் பார்ப்பதை வேறு எந்தப் பரிசோதனையிலும் அனுமதிக்கமாட்டேன் என்று பிறகு கண்டிப்பாகச் சொன்னேன்.) கல்சியம் உப்புகள் முதலில் ஏன் படிகின்றன என்ற கேள்வியை அதற்குப் பிறகு நான் கேட்கத் தேவைப்படவில்லை. அவர்களே கேட்டார்கள். கரைதிறன் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் வகுப்பில் வேலை வந்தது.

எங்கள் ஆய்வுகூடத்தில் அலுமாரி நிறையச் சாமான் உண்டு. அளவி (பியூரெட்), குழாயி (பிப்பெட்) பெட்டி உடைக்காமல் இருக்கிறது. நுணுக்குக்காட்டியின் வில்லையில் பூஞ்சணம். தனியாக ஒரு ஆசிரியர் 40 நிமிடப் பாடவேளையில் எடுத்து, செய்து, கழுவி, பூட்ட முடியாது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். குளக்கட்டு சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.


ஆசிரிய ஆலோசகர் ஒருவர்
புதன், இரவு 10.22

நான் ஒரு வலயத்தில் கணித ஆசிரிய ஆலோசகர். எந்த வலயம் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.

ஆலோசகர் பாடசாலைக்கு வந்தால் என்ன நடக்கிறது? பாடக்குறிப்பைப் பார்க்கிறோம், பதிவேட்டைப் பார்க்கிறோம், பின் வாங்கில் இருந்து ஒரு பாடம் கவனிக்கிறோம், ஒரு தாளில் குறை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஆசிரியர் அன்றைக்கு மட்டும் விசேட பாடம் எடுக்கிறார். நான் போன பிறகு எல்லாம் பழையபடி. பல வருடமாக இதைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதனால் ஒரு வகுப்பறை மாறி நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேலாக வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. பாட ஆய்வு என்று சொல்லலாம். மூன்று நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரேயொரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளைகள் எங்கே பிழைவிடுவார்கள், என்ன கேள்வி கேட்பார்கள் என்று முன்கூட்டியே எழுதுவார்கள். ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் பார்ப்பார்கள். முக்கியமானது இதுதான்: அவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பிறகு இருந்து கதைத்து, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் இன்னொருவர் எடுப்பார். அங்கே ஆசிரியர் தனிப்பட்ட முறையில் குறைசொல்லப்படுவதில்லை. பாடம் எல்லோருடையதும் என்பதால் பிழையும் எல்லோருடையதும்.

எங்கள் கல்வி முறையில் 2007இல் ஐந்து படி முறை வந்தது நினைவிருக்கும்: ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். நல்ல எண்ணம்தான். ஆனால் அது எங்களிடம் வந்தது கைந்நூலாகவும் இரண்டு நாள் செயலமர்வாகவும். ஒரு ஆசிரியரின் வகுப்பில் அது உயிரோடு நடப்பதை இன்னொரு ஆசிரியர் பார்க்க வழி இருக்கவில்லை.

இந்தப் பாட ஆய்வை நாங்களும் செய்து பார்க்கலாம். வலய எல்லை தாண்டி வேலைநாளில் வர வேண்டுமென்றால் கடமை லீவு, இரண்டு வலயத்தின் அனுமதி. சனிக்கிழமை என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை; பெற்றோரின் சம்மதமும் அதிபரின் சாவியும் போதும்.


தொலைவில் ஒருவன்
வியாழன், அதிகாலை 2.15

வணக்கம், நான் கனடாவில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கிளையில் ஆள். இந்த வருடம் ஸ்மாட் போட் ஒன்று வாங்கிக் கொடுக்கக் காசு சேர்த்திருக்கிறோம். இதை வாசித்த பிறகு யோசனையாக இருக்கிறது. எது உதவும் என்று நேரே சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்.


ஏ9 விடியல்
வியாழன், இரவு 8.05

அண்ணா, இப்படிக் கேட்டதற்கே நன்றி. ஸ்மாட் போட் நல்ல பொருள்தான். ஆனால் பழுதானால் திருத்த ஆள் வர வேண்டும், மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதில் எதைக் காட்டுவது என்று யோசிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நாலு பாடசாலையின் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை சந்திக்க பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, போட்டோக்கொப்பி, சதுரக்கோட்டுக் கொப்பி, ஒரு பெட்டி கத்தரிக்கோல். ஒரு வருடத்துக்கு இதைத் தாருங்கள். திறப்பு விழாப் படம் மட்டும் வராது.


தொலைவில் ஒருவன்
வெள்ளி, அதிகாலை 1.40

கூட்டத்தில் கதைத்தேன். இரண்டு பேர் படம் வேண்டும் என்றார்கள், மற்றவர்கள் சம்மதம். செய்வோம்.


குளக்கட்டு
வெள்ளி, இரவு 9.00

சரி, அப்படியென்றால் தொடங்கலாம். ஒட்டுசுட்டான் பக்கத்துச் சேரோடு கதைத்துவிட்டேன். அவருடைய பாடசாலையில் ஒருமுறை, என்னுடையதில் ஒருமுறை. முதல் பாடம் ஏழாம் வகுப்பு, பகுதி எண் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டல். ஆலோசகர் சேர் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். யார் என்று நான் கேட்கவில்லை. (வந்தால் தெரிந்துவிடும்.)


குளக்கட்டு
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.40

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை ஐந்து ஆசிரியர்கள், 19 பிள்ளைகள். கடதாசிக் கீலத்தை மடித்து அரையையும் மூன்றில் ஒன்றையும் காட்டி, இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக்கினால்தான் எண்ணலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள் என்பது எங்கள் திட்டம். நான் படிப்பித்தேன். நல்லாய்ப் போனதாகத்தான் நினைத்தேன். எல்லாக் கொப்பியிலும் 5/6 இருந்தது.

பிறகு பார்த்தவர்கள் தங்கள் தாளை வாசித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாக மடிக்கப் பிள்ளைகளுக்கு வரவில்லை. பாதிப் பேர் ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்று மடித்திருக்கிறார்கள். துண்டு சமனில்லை என்றால் பின்னமே இல்லை, அதை நான் கவனிக்கவில்லை. யன்னலோரம் இருந்த ஒரு பொடியன் கீலத்தைத் தொடவே இல்லை. பக்கத்துக் கொப்பியைப் பார்த்து 5/6 எழுதிவிட்டு, நான் கிட்டப் போகும்போது தலையாட்டியிருக்கிறான். நான் அவனுக்கு "மிக நல்லது" என்று வேறு சொல்லியிருக்கிறேன். ஆலோசகர் சேரின் தாளில் அது மணி, நிமிடத்தோடு குறிக்கப்பட்டிருந்தது.

ஒட்டுசுட்டான் சேர்தான் சொன்னார்: மடிக்கச் சொல்ல வேண்டாம், சதுரக்கோட்டுக் கொப்பியில் 12 பெட்டி நீளத்துக்கு ஒரு நீட்டுக் காணி கீறட்டும், அது ஒரு ஏக்கர். அரை ஏக்கர் நெல்லுக்கு ஒரு நிறம், மூன்றில் ஒன்று கச்சானுக்கு இன்னொரு நிறம். விடையை எழுத முன்பு, "முழு ஏக்கரை விடக் கூடுமா, குறையுமா?" என்று எல்லோரும் கையால் காட்ட வேண்டும்.

நேற்று அவர் தன் பாடசாலையில் எடுத்தார். நான் இரண்டு பிள்ளைகளை மட்டும் பார்த்தேன். ஒருத்தி 6 பெட்டியும் 4 பெட்டியும் நிறம் தீட்டி 10/12 என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவன் இரண்டிரண்டு பெட்டியாக எண்ணி 5/6 என்றான். யார் சரி என்று இருவருக்கும் சண்டை. சேர் தீர்ப்புச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் காணியைப் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ" என்றார். ஒரே நீளம். சமவலுப் பின்னம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினார்.

இருபது வருடம் படிப்பித்தாலும் இன்னொருவரின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இப்படி இருந்து பார்க்கக் கிடைப்பது அரிது.


வட்டக்கச்சி ஓய்வு
ஞாயிறு, இரவு 8.15

தம்பி, யன்னலோரப் பொடியனின் பெயரை மறந்துவிடாதீர்கள். அவன்தான் நாலு வருடத்துக்குப் பிறகு செமினாரின் கடைசி வரிசையில் இருப்பான். அப்படிப் பிள்ளைகளை நான் எத்தனையோ பேர் பார்த்தேன். எங்கே விட்டோம் என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை. திசைகொண்ட எண்களில் பிள்ளைகள் -3 - 5 என்றால் +8 என்பார்கள். கேட்டால் "சயவும் சயவும் சக" (மைனசும் மைனசும் பிளஸ்) என்பார்கள். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் போட்டுவிடுவார்கள். நான் குளத்தை வைத்துச் சொல்வேன். இரணைமடு நிறைந்தால் 36 அடி. அந்த நிறைமட்டத்தைப் பூச்சியம் என்று வை. மூன்று அடி இறங்கிவிட்டது: -3. சிறுபோகத்துக்குத் திறந்ததில் இன்னும் ஐந்து அடி இறங்கிவிட்டது. இப்போது நிறைமட்டத்துக்கு மேலே எட்டு அடியா, கீழேயா? மேலே என்றால் 2018 டிசம்பர் வெள்ளத்தை விடப் பெரிய வெள்ளம் என்று சொல்வேன். பிள்ளைகள் உடனே திருத்திக்கொள்வார்கள். இதைத் திருத்திப் பாடமாக்க முடியுமானால் நானும் வருகிறேன். படிப்பிக்கவும் ஆசைதான். தரம் ஏழு தாருங்கள், பதினொன்று வேண்டாம்.


விசுவமடு அப்பா
ஞாயிறு, இரவு 9.02

கடைசி மகன் ஏழாம் வகுப்பு. வேறு வலயத்துப் பிள்ளை வரலாமா? நானே கொண்டுவந்து விடுவேன். அறுவடைக் கிழமை மட்டும் கேட்கக் கூடாது.


குளக்கட்டு
ஞாயிறு, இரவு 9.06

ஐயா, கட்டாயம் வரலாம். அறுவடைக் கிழமை நாங்களும் வைக்க மாட்டோம்.


அறிவியல்நகர் தம்பி
ஞாயிறு, இரவு 9.40

எங்கள் பீடத்தில் வன்னிப் பிள்ளைகள் ஆறு பேர் கதைத்தோம். மாறி மாறி இரண்டு பேர் வந்து, பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனித்து எழுதித் தருவோம். படிப்பிக்க மாட்டோம், அதற்கு எங்களுக்குத் தகுதி இல்லை. ஐயா, உங்கள் மூத்த மகள் ரவுணுக்கு வர வேண்டிய பிரச்சினைக்கு இதில் விடை இல்லை என்று தெரியும். அதைத் தனி இழையாகத் தொடங்குவோம். வலயம் தாண்டி, இரண்டு மூன்று பாடசாலைக்குப் பொதுவாக ஒரு உயர்தர விஞ்ஞானப் பிரிவு, ஒரு விடுதி. ரீச்சர் சொன்ன விடுதியும் அதோடுதான் வரும்.


கண்டாவளை விஞ்ஞானம்
திங்கள், மாலை 5.10

அடுத்தது விஞ்ஞானப் பாடம் என்று முடிவு. நீரின் கடினத்தன்மை. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை எல்லா வீட்டிலும் உண்டு. அதிலிருந்து தொடங்கலாம். ஒரே அளவு நீர், ஒரே சவர்க்காரக் கரைசல், துளித் துளியாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எத்தனை துளி என்று எண்ணுவது. மழைநீருக்கு எத்தனை, கிணற்று நீருக்கு எத்தனை, கொதித்து ஆறிய பிறகு எத்தனை. கணிதச் சேர்மார் அந்த எண்ணிக்கைகளை வைத்துச் சராசரியும் சலாகை வரைபும் செய்யலாம்.

ஒரு கவனம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தில் கானில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. கடினத்தன்மையைப் பார்த்து "உங்கள் கிணறு நோய்க் கிணறு" என்று எந்தப் பிள்ளையும் போய்ச் சொல்லிவிடக் கூடாது. இந்தப் பரிசோதனை சவர்க்காரம் நுரைப்பதைப் பற்றியது மட்டும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.


ஏ9 விடியல்
திங்கள், இரவு 8.20

இந்த முறை நான் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பஸ் இரண்டுதான், ஆனாலும் வருவேன். மாமியிடம் சொல்லிவிட்டேன்.

வரும் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு லீற்றர் கொண்டுவாருங்கள். சோடாப் போத்தல் போதும், நன்றாகக் கழுவி, ஊர்ப் பெயரையும் அள்ளிய நாளையும் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். குழாய்க்கிணறா, கட்டுக்கிணறா என்றும் எழுதுங்கள். முதல் முறை நான் வீட்டில் செய்து பார்த்தபோது சம்போவை எடுத்துவிட்டேன், எல்லா நீரிலும் ஒரே நுரை. சவர்க்காரம்தான் வேண்டும், அதைச் சீவிக் கரைத்து நான் கொண்டுவருகிறேன். துளி விடும் குழாய் 6 இருக்கிறது. இன்னும் 4 யாரிடமாவது இருக்கிறதா?